ஸ்பிளாஷ் என்றால் தெறிப்பது மட்டும்தானா?

'ஸ்பிளாஷ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சரியான தமிழ் அர்த்தம் என்ன, எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புதிதாக மொழிபெயர்ப்பு வேலையில் சேர்ந்தவராக இருக்க வேண்டும். இரண்டாவது ஆள் என்றால் தயவுசெய்து ஒரே ஒரு அர்த்தத்தை மனப்பாடம் செய்துகொண்டு போய் உட்காராதீர்கள்.

அடிப்படை அர்த்தம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மழை பெய்து தேங்கிய தண்ணீரில் பேருந்து வேகமாகப் போனால் ஓரத்தில் நிற்கிறவர் மேல் வாரி அடிக்கிறதே, அது ஸ்பிளாஷ். தூக்கம் கலைய முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்வதும் அதுதான். கிணற்றில் ஒருவன் தொபுக்கடீர் என்று குதித்தால் எழுகிற தண்ணீரும் ஸ்பிளாஷ், அந்தச் சத்தமும் ஸ்பிளாஷ். ஆனால் வாசல் தெளிப்பதற்கு இதைப் போடாதீர்கள், அது ஸ்பிரிங்கிள். தாளிக்கும்போது கையில் பொட்டுப் பொட்டாக எண்ணெய் தெறிப்பதற்கு ஸ்பாட்டர் இன்னும் பொருந்தும். ஸ்பிளாஷ் என்றால் கொஞ்சம் தாராளமாக, ஒரு வீச்சாக அடிக்க வேண்டும்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் இந்தச் சொல்லோடு எனக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. நான் ஒரு தமிழ் நாளிதழின் இரவு டெஸ்க்கில், அதாவது வந்த செய்திகளைத் திருத்தித் தலைப்புப் போடுகிற இடத்தில், பல வருஷம் இருந்தவன். பெயர் வேண்டாம், இன்னும் அங்கே தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். 2007 ஜனவரி 22-ம் தேதி, இஸ்ரோ விண்ணுக்கு அனுப்பியிருந்த எஸ்.ஆர்.இ-1 என்கிற சிறிய கலம் திரும்பி வந்தது. ஆள் இல்லாத கலம், 550 கிலோ. 10-ம் தேதி பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் போனது, 12 நாள் பூமியைச் சுற்றிவிட்டு, பாராசூட் விரித்து, ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கிழக்கே சுமார் 140 கிலோமீட்டர் தள்ளி வங்கக் கடலில் இறங்கியது. மேலே போன ஒன்றைத் திரும்பக் கொண்டுவந்து கையில் எடுத்தது இந்தியாவுக்கு அதுதான் முதல் தடவை. செய்தி நிறுவனம் அனுப்பிய ஆங்கிலச் செய்தியில் 'ஸ்பிளாஷ்ட் டவுன்' என்று இருந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி ஒருவர் அதைத் தமிழில் எழுதி, தலைப்பும் போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டார்: 'இந்திய விண்கலம் வங்கக் கடலில் சிதறி விழுந்தது'.

பக்கம் அச்சுக்குப் போக இன்னும் கொஞ்ச நேரம்தான். மாவட்டப் பதிப்பு வண்டி கீழே நிற்கிறது. எனக்கு விண்வெளி விவகாரம் ஒன்றும் தெரியாது, தலைப்பை மட்டும் பார்த்திருந்தால் நானும் "அடப்பாவமே" என்று சொல்லி விட்டிருப்பேன். இடித்தது இரண்டாவது பத்திதான். கடலோரக் காவல்படையும் கடற்படையும் கலத்தை மீட்டன என்று அதே தம்பி எழுதியிருக்கிறார். சிதறியிருந்தால் எதை மீட்டார்கள்? கூப்பிட்டுக் கேட்டேன். "அண்ணே, டிக்‌ஷனரில சிதறுன்னுதான் இருக்கு" என்று அட்டை கிழிந்த அகராதியை, பக்கத்தில் விரலை வைத்தபடியே, மேஜைக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் சொன்னதும் பொய்யில்லை, தெறி, சிதறு, வாரியடி எல்லாம் வரிசையாக இருந்தன. கூடவே 'டவுன்' வந்தால் அது கடலில் பத்திரமாக இறங்குவது என்பதுதான் அதில் இல்லை. கொலம்பியா விண்வெளி ஓடம் உடைந்து கல்பனா சாவ்லா இறந்து அப்போது நாலு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. அந்தத் தலைப்போடு பேப்பர் போயிருந்தால் காலையில் டீக்கடையில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 'பத்திரமாக இறங்கியது' என்று மாற்றி அனுப்பினோம்.

பெருமை பீற்றுகிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நான் தமிழ் வழியில் படித்தவன், ஆங்கிலப் புலவன் என்றெல்லாம் சொல்லிக்கொள்ளவில்லை. மறுநாள் பேப்பரில் வேறொரு செய்திக்கு நிருபர் பெயர் கொட்டை எழுத்தில் வந்திருந்தது, அந்தச் செய்தியையும் முழுக்கத் திருப்பி எழுதியது டெஸ்க்தான். டெஸ்க்கில் இருக்கிறவன் பெயர் எங்கேயும் வராது. தப்பு வந்தால் மட்டும் மெமோவில் வரும், முழுப் பெயரும் இனிஷியலோடு. சம்பள உயர்வு நேரத்திலும் வெளியே சுற்றுகிறவர்களுக்குத்தான் முதல் மரியாதை. சரி, அது இங்கே எதற்கு.

விஷயம் என்னவென்றால், இந்த 'ஸ்பிளாஷ்டவுன்' தண்ணீரில் இறங்கினால்தான் செல்லும். 2025 ஜூலை 15-ல் நம் விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா திரும்பி வந்த டிராகன் கலம் சான் டியாகோ பக்கம் கடலில் இறங்கியது, அது ஸ்பிளாஷ்டவுன். 1984-ல் ராகேஷ் சர்மா சோயுஸ் கலத்தில் கஜகஸ்தான் தரையில் வந்து இறங்கினார், அதற்கு இந்தச் சொல்லைப் போட்டால் தப்பு. இன்னொரு கூத்து, அமெரிக்கப் போர் விமானிகள் ரேடியோவில் 'ஸ்பிளாஷ் ஒன்' என்றால் எதிரி விமானம் ஒன்றைச் சுட்டு வீழ்த்திவிட்டோம் என்று அர்த்தம். ஒரு இடத்தில் எல்லோரும் கைதட்டி வரவேற்கிறார்கள், இன்னொரு இடத்தில் ஆளே காலி. அந்தத் தம்பி போட்ட தலைப்பு போர்ச் செய்திக்கென்றால் ஏறக்குறைய சரியாக இருந்திருக்கும்.

பிரிட்டிஷ் பத்திரிகைக்காரர்களுக்கு ஸ்பிளாஷ் என்றால் முதல் பக்கத்தின் பெரிய செய்தி, நம் ஊரில் லீட் என்போமே அது. 'மேக் எ ஸ்பிளாஷ்' என்றால் வந்த வேகத்தில் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைப்பது, புதுமுக நடிகர் முதல் படத்திலேயே பேசப்படுவது மாதிரி. 'ஸ்பிளாஷ் அவுட்' என்றால் காசைத் தாராளமாகச் செலவழிப்பது. இங்கே தமிழ் ரொம்ப வசதி, தண்ணீரையும் வாரி இறைக்கிறோம், பணத்தையும் வாரி இறைக்கிறோம். என்ன, நாம் சொல்லும்போது அதில் கொஞ்சம் திட்டும் கலந்திருக்கும். ஆங்கிலத்தில் அந்தத் திட்டு கட்டாயமில்லை, ஆசைப்பட்டு விலை அதிகமான புடவை ஒன்று எடுத்தாலே போதும். செல்பேசியில் செயலியைத் திறந்ததும் ஒரு நொடி லோகோ வந்து போகிறதே, அதற்கும் ஸ்பிளாஷ் ஸ்க்ரீன் என்றுதான் பெயர்.

சமையல் குறிப்பு மொழிபெயர்க்கிறவர்கள் வழக்கமாகக் கோட்டை விடுவது 'எ ஸ்பிளாஷ் ஆஃப் மில்க்'. தெளிப்பதும் இல்லை, தெறிப்பதும் இல்லை, அளக்காமல் லேசாகச் சாய்த்து ஊற்றுகிற பால். 'கொஞ்சூண்டு பால்' என்று எழுதினால் போதும், எந்தத் தேர்விலும் மார்க் குறைக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.