ஊதுபத்தியை ஏற்றிப் பாருங்கள்: ஃபெங் சுய் கேள்வி–பதில்

சிங்கப்பூரில் அடுக்குமாடி வீடுகளுக்கு உள் அலங்கார வேலை செய்ய ஆரம்பித்து 22 வருஷம் ஆகிறது. போன இதழில் ஃபெங் சுய் என்கிற சீன இட அமைப்பு முறை பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஆறை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாருக்கும் ஒரே வேண்டுகோள்: முழுக்கப் படித்து முடிக்கும்வரை தயவுசெய்து எந்தப் பொருளும் வாங்காதீர்கள்.

அக்கா, 780 சதுர அடியில் ஒரு ஃபிளாட் வாங்கியிருக்கிறோம். வாசக்கதவைத் திறந்தால் நேர் எதிரே பால்கனிக் கதவு. ஃபெங் சுய் பொருள் விற்கிற கடையில், "வர்ற காசு நேரா வெளியே போயிடும்" என்று சொல்லி ஒரு காற்றுமணியும் இரண்டு ஸ்படிக உருண்டையும் தந்தார்கள். என் மாமியாரோ, "ஊர் வீட்ல வாசல்ல நின்னா கொல்லை தெரியும், அதுதான் லட்சணம்" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, பெரம்பூர்

முதலில் உங்கள் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கடைக்காரர் சொன்னதும் சீன மரபில் உள்ள பேச்சுதான், அவர் இட்டுக்கட்டவில்லை. ஆனால் அந்தப் பேச்சு எங்கே பிறந்தது என்று தெரிந்தால் உங்கள் குழப்பம் பாதி தீரும்.

ஃபெங் என்றால் காற்று, சுய் என்றால் நீர். குவோ பு (276–324) என்பவர் பேரில் வழங்கும் ஒரு பழைய நூலில் இதன் வேர் இருக்கிறது. "சி" என்கிற உயிர்ச்சத்து காற்றில் ஏறினால் சிதறிப்போகும், நீரைக் கண்டால் நின்றுவிடும் என்கிறது அந்த நூல். அது வீட்டுக்காக எழுதியதுகூட இல்லை, கல்லறைக்கு இடம் பார்க்க எழுதியது. சீனாவின் வடபகுதியில் குளிர்காலத்தில் வடக்கிலிருந்து அடிக்கிற காற்று எலும்புக்குள் போகும். அதனால் முதுகுக்கு ஒரு மலை வேண்டும், முகம் தெற்கே வெயிலைப் பார்க்க வேண்டும், முன்னால் தண்ணீர் வேண்டும் என்று கேட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் முன்கதவும் பின்கதவும் நேருக்கு நேர் இருந்தால் வீட்டுக்குள் யார் உட்கார முடியும்?

நம் ஊர்க் கணக்கு வேறு. செட்டிநாட்டு வீட்டில் முகப்பில் நின்றால் வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டிப் பின்வாசல் வரை கண் ஓடும். வெயில் ஊரில் காற்று உள்ளே வந்து மறுபக்கம் போனால்தான் வீடு ஆறும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த நேர்கோட்டில்கூட காற்று ஒரே ஓட்டமாக ஓடிவிடுவதில்லை. வளவுக்கு மேலே வானம் திறந்திருக்கிறது, சுற்றிலும் தூண்கள், கட்டுக்குக் கட்டு ஒரு நிலைவாசல். போகிற வழியெல்லாம் காற்று கொஞ்சம் நின்று, சுற்றி, அப்புறம்தான் நகர்கிறது. உங்கள் ஃபிளாட்டில் அந்தத் தூணும் இல்லை, முற்றமும் இல்லை. கதவுக்கும் பால்கனிக்கும் நடுவே இருபதடி வெறும் தரை.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த சீனப் பெரியவர் ஒருவர் உண்டு. அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். அவரிடம் லுவோபான் என்கிற சீனத் திசைகாட்டி இருந்தது. வட்டம் வட்டமாக எழுத்து பொறித்த மரத்தட்டு, நடுவில் ஊசி. ஒரு புது வீட்டுக்குள் நுழைந்தால் அதைப் பையிலிருந்து எடுக்கவே மாட்டார். மின்விசிறியை அணைக்கச் சொல்வார். ஜன்னல்களை வழக்கமாக எப்படி வைத்திருப்பார்களோ அப்படியே வைக்கச் சொல்வார். ஓர் ஊதுபத்தியை ஏற்றி, வாசலுக்கு உள்ளே நின்று, இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொள்வார். புகை எந்தப் பக்கம் சாய்கிறது, எங்கே கயிறுபோல் நீள்கிறது, எந்த மூலையில் அசையாமல் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே ஒவ்வோர் அடியாக நடப்பார். யாரும் பேசக்கூடாது. ஒரு பத்தி முழுக்க எரிந்து முடிய ஆகிற நேரத்தில் அந்த வீட்டைப் பற்றி அவருக்குத் தெரிய வேண்டியது எல்லாம் தெரிந்துவிடும். அவரிடம் நான் கற்றதிலேயே பெரிய பாடமாக இதைத்தான் நினைக்கிறேன்.

நீங்களும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் இதைச் செய்து பாருங்கள். புகை நேராகப் பால்கனிக்கு ஓடினால், அதன் வழியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு நீள அலமாரியைக் குறுக்காக, நடக்க ஒரு பக்கம் இடம் விட்டு வையுங்கள். மேலே இரண்டு செடி. பால்கனிக் கதவுக்கு மெல்லிய பருத்தித் திரை போதும், கனத்த துணி வேண்டாம். பிறகு மறுபடி ஒரு பத்தி ஏற்றுங்கள். புகை அலமாரிக்கு இந்தப் பக்கம் தயங்கி, சோபா பக்கம் கொஞ்சம் திரும்பினால் வேலை முடிந்தது. காற்று வீட்டில் உலாவ வேண்டும், அவ்வளவுதான். காற்றுமணிச் சத்தம் பிடித்தால் மாட்டிக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தோழி பரிசாகக் கொடுத்த லக்கி பாம்பூ மஞ்சளாகிறது. கெட்ட சகுனமா?
– வாசகி, நாமக்கல்

சகுனம் இல்லை, தண்ணீர். அது மூங்கில் வகையே கிடையாது. ட்ரசீனா இனத்துச் செடி, சொந்த ஊர் மத்திய ஆப்பிரிக்கா. குழாய்த் தண்ணீரில் இருக்கிற குளோரினும் நேர் வெயிலும் அதற்கு ஆகாது. தண்ணீரை ஒரு பாத்திரத்தில் பிடித்து ராத்திரி முழுக்கத் திறந்து வைத்து, மறுநாள் ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை மாற்றுங்கள். வேர் மூழ்கினால் போதும். தண்டே மஞ்சளாகிவிட்டால் அந்த ஒன்றை மட்டும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அழுகல் பக்கத்துத் தண்டுக்கும் போகும். எடுத்த பிறகு நான்கு தண்டு மிஞ்சினால் சீனக் குடும்பங்களில் இன்னொன்றையும் எடுத்துவிடுவார்கள். அவர்கள் மொழியில் நான்கும் சாவும் கிட்டத்தட்ட ஒரே ஒலி. தமிழ்க் காதுக்கு அந்தப் பயம் தேவையில்லை. வீட்டில் பூனை இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள், தின்றால் அதற்கு ஒத்துக்கொள்ளாது.

சொந்த வீடு கட்டுகிறோம். அப்பா வாஸ்துப்படிதான் என்கிறார். நான் ஃபெங் சுய் படித்து வருகிறேன். தென்கிழக்கு வாஸ்துவில் நெருப்பு, ஃபெங் சுய்யில் மரம். ஃபெங் சுய்யிலேயே ஒரு புத்தகம் தென்கிழக்கைச் செல்வ மூலை என்கிறது, இன்னொன்று வாசலிலிருந்து தூரத்து இடது மூலை என்கிறது. தலை சுற்றுகிறது.
– வாசகர், திண்டுக்கல்

தம்பி, பதிலுக்குப் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சீனத் திசைப் படங்களில் பெரும்பாலும் தெற்கு மேலே இருக்கும். அவர்கள் திசைகாட்டியின் பெயரே தெற்கைக் காட்டும் ஊசி என்பதுதான். நாம் பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில் மேலே இருப்பது வடக்கு என்று எடுத்துக்கொள்வோம். அப்படிப் பார்த்தால் தென்கிழக்கு வடமேற்காகிவிடும். ஒரு வீட்டில் செடித் தொட்டிகள் மொத்தத்தையும் இப்படி எதிர்மூலையில் அடுக்கி வைத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் கையில் இருக்கிற படத்தை முதலில் திருப்பிப் பாருங்கள்.

இரண்டாவது, அந்த "தூரத்து இடது மூலை". அது 1980களில் லின் யுன் என்பவர் அமெரிக்காவில் பரப்பிய முறை. திசைகாட்டியே வேண்டாம், எட்டுப் பிரிவுப் படத்தை வாசலோடு பொருத்தினால் போதும் என்பது அவர் வழி. திசை பார்ப்பது பழைய வழி. இரண்டையும் ஒரே வீட்டில் கலந்தால் எல்லா மூலையும் செல்வ மூலையாகிவிடும். ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இப்போது அப்பா விஷயம். சீனர்களின் ஐந்து மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். நம் பஞ்சபூதத்தில் மரமும் உலோகமும் இல்லை. காற்றும் ஆகாயமும் உண்டு. இரண்டு கணக்கையும் கூட்டிக் கழிக்க முடியாது. ஆனால் உங்கள் பயம் தேவையில்லாதது. சீன முறையில் மரம் நெருப்பை வளர்க்கும். அதனால் தென்கிழக்கில் அடுப்பு வைத்தால் அக்னி மூலையும் ஆயிற்று, மரத்துக்கு மேல் நெருப்பும் ஆயிற்று, சண்டையே இல்லை. முட்டுகிற இடம் வடமேற்கு. தென்கிழக்கு அமையாவிட்டால் அங்கே சமையலறை வைக்கலாம் என்று வாஸ்து பார்ப்பவர்கள் சொல்வார்கள். ஃபெங் சுய்யில் அது வானத்தின் வாசல், அங்கே நெருப்பு கூடாது. தென்கிழக்கு கிடைத்துவிட்டால் இந்தக் கேள்வியே உங்களுக்கு வராது.

சுவர் எங்கே, கிணறு எங்கே, அடுப்பு எங்கே என்பதை அப்பாவிடம் விட்டுவிடுங்கள். அவர் அந்த மண்ணைப் பார்த்து வளர்ந்தவர். சுவர் எழும்பின பிறகு கட்டில், மேஜை, விளக்கு, செடி எல்லாம் உங்கள் கையில். ஃபெங் சுய் நன்றாகக் கை கொடுப்பதும் அங்கேதான்.

சிரிக்கும் புத்தரைக் காசு கொடுத்து வாங்கக் கூடாது, யாராவது பரிசாகத்தான் தர வேண்டுமாமே?
– வாசகி, சேலம்

நான் பழகிய சீனக் குடும்பங்களில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. அவர் கௌதம புத்தர் இல்லை. 10-ஆம் நூற்றாண்டில் துணிமூட்டையோடு ஊர் சுற்றிய புதாய் என்கிற துறவி. இனி வரப்போகிற மைத்ரேய புத்தரின் அவதாரம் என்று கும்பிடுகிறார்கள். பிடித்தால் வாங்குங்கள். தரையிலோ செருப்பு அலமாரி மேலோ மட்டும் வைக்காதீர்கள்.

படுக்கையறை பத்தடிக்குப் பத்தடி. கால்மாட்டில் அலமாரி, அதன் கதவில் ஆளுயரக் கண்ணாடி. இரவு 3 மணிக்கு விழித்தால் திடுக்கிடுகிறது. கட்டிலை நகர்த்தலாம் என்றால் ஒரு சுவரில் ஜன்னல், ஒரு சுவரில் கதவு.
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

தங்கச்சி, படுக்கையைப் பார்த்தபடி கண்ணாடி வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில், அறை பெரிதாகத் தெரியட்டும் என்று நானே அப்படி ஒன்றை மாட்டிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து அந்த அம்மா கூப்பிட்டார். அவருடைய ஐந்து வயது மகன் அந்த அறைக்குள் தூங்க வருவதே இல்லையாம். "அங்க இன்னொரு பையன் எந்திரிச்சு உட்கார்றான்" என்றானாம். மறுநாளே போய்க் கழற்றினேன். அரைத்தூக்கத்தில் ஓர் அசைவு கண்ணில் பட்டால் உடம்பு முதலில் பயப்படும், அது நம் பிம்பம் என்று அப்புறம்தான் புரியும்.

நீங்கள் கழற்ற வேண்டாம். பழைய பருத்திப் புடவை ஒன்றை எடுத்து, கதவின் மேல்விளிம்பில் ஒட்டுக்கொக்கி போட்டு, ராத்திரி மட்டும் தொங்கவிடுங்கள். இரண்டு வாரம் பாருங்கள். தூக்கம் வந்தால் கண்ணாடி மேல் மங்கல் ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம்.

கட்டிலுக்கு: தலைமாட்டில் முழுச் சுவர், படுத்த இடத்திலிருந்து கதவு கண்ணில் பட வேண்டும், ஆனால் கால் நேராகக் கதவை நோக்கக் கூடாது. சீனர்கள் இறந்தவர் உடலைக் கால் முன்னே போகும்படி எடுத்துச் செல்வார்கள், அதனால் வந்த விலக்கு. உங்கள் அறையில் இது முழுக்க அமையாது. தலைமாட்டில் சுவர் இருப்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஏசி நேராகத் தலையில் அடித்தால் காற்றுத் தகட்டை மேலே திருப்புங்கள். தலை வடக்கே போகிறதே என்று அம்மா ஊரிலிருந்து சொன்னால், அம்மா சொல்வதைக் கேளுங்கள். மனதில் உறுத்தலோடு யாராலும் தூங்க முடியாது.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம். ஒருவர் வீட்டைப் பார்த்து, "ஒன்பதாம் காலம் பிறந்தாச்சு, உங்களுடையது எட்டாம் காலத்து வீடு, அதான் இப்படி" என்று சொல்லி 45,000 ரூபாய்க்குப் பரிகாரப் பொருள் பட்டியல் தந்திருக்கிறார். நகையை அடகு வைக்கலாமா?
– பெயர் வேண்டாம், விருதுநகர்

வைக்காதீர்கள். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒன்பதாம் காலம் என்பது கணக்கில் உண்டு. பறக்கும் நட்சத்திரம் என்கிற முறையில் 20 வருஷம் ஒரு காலம், ஒன்பது சேர்ந்தால் 180 வருஷம். எட்டாவது 2004-இல் தொடங்கி 2023 வரை. ஒன்பதாவது 2024-இல் ஆரம்பித்து 2043 வரை போகும். அதற்கு நெருப்பு என்று வைத்திருப்பதால் சிவப்பும் ஊதாவும் இப்போது எங்கும் விற்கிறது. ஆனால் யோசியுங்கள்: 2004-க்கும் 2023-க்கும் இடையே கட்டிய எல்லா வீட்டுக்கும் இவர் சொன்னது பொருந்துமே. அத்தனை வீட்டிலும் பக்கவாதமா வந்தது? நோய்வாய்ப்பட்டவர் இருக்கிற வீட்டில் பயத்தை விற்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அந்தப் பணம் மருந்துக்கும் பிசியோதெரபிக்கும் வேண்டும்.

ஃபெங் சுய் உங்கள் அப்பாவுக்கு ஒன்றும் செய்யாது என்று சொல்ல வரவில்லை. அவர் கட்டில் எங்கே கிடக்கிறது? பெரும்பாலான வீடுகளில் படுத்தவரை உள்ளறை மூலைக்குத் தள்ளிவிடுகிறோம், கால்மாட்டில் மருந்து மேஜை. அவரை உள்ளறையிலிருந்து நகர்த்தக்கூடிய நிலை இருந்தால், வாசல் தெரிகிற அறைக்குக் கொண்டுவாருங்கள். எந்தக் கைப்பக்கம் இறங்குவது அவருக்குச் சுலபம் என்று பிசியோதெரபிஸ்டைக் கேட்டு, அந்தப் பக்கம் மூன்றடி இடம் விடுங்கள். கழிவறை வரை தரையில் மிதியடி, வயர் ஒன்றும் கிடக்கக் கூடாது. ராத்திரி அந்த வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். காலை வெயில் ஒரு மணி நேரமாவது கட்டில் மேல் விழட்டும். அவர் கண் போகிற இடத்தில் சுவர்க்கடிகாரமும் வெறும் சுவரும் மட்டும் இருந்தால், அங்கே அவருக்குப் பிடித்ததை மாட்டுங்கள்.

இதையெல்லாம் செய்வதற்கு முன், அவர் குளிக்கப் போயிருக்கும் நேரத்தில் அந்தக் கட்டிலில் அவர் படுக்கிற மாதிரியே பத்து நிமிஷம் படுத்துப் பாருங்கள். அங்கிருந்து என்னென்ன தெரிகிறது, யார் வந்து போவது காதில் விழுகிறது என்று எனக்கு எழுதுங்கள். கட்டிலை எங்கே நகர்த்தலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.