கரைந்த படிகம், நின்ற வடிவம்: கேள்வி பதில்

கே: பழுப்பு நிறக் கனசதுரக் கல் ஒன்று வைத்திருக்கிறேன். என்ன கனிமம்?

ப: பெரும்பாலும் பைரைட்டாக (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) பிறந்து கோதைட்டாக (துருவின் கனிமம்) மாறியதாக இருக்கும். நீரும் காற்றும் கந்தகத்தைக் கொண்டுபோய்விட, இரும்பு மட்டும் துருவாக அங்கேயே நின்றுவிட்டது. கோதைட் தானாகக் கனசதுரமாக வளராது, இது பைரைட்டின் வடிவம். இப்படி ஒரு கனிமம் இன்னொன்றின் வடிவில் நிற்பதைத்தான் பொய்யுரு என்கிறோம். பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி பிடித்து லென்ஸில் பாருங்கள். ஒரு முகத்தில் மெல்லிய வரிகள் ஓடும். அடுத்த முகத்தில் அதே வரிகள் செங்குத்தாகத் திரும்பியிருந்தால், அது பைரைட் விட்டுப்போன கைரேகை. மெருகிடாத பீங்கானில் தேய்த்தால் மஞ்சள் பழுப்புக் கோடு விழ வேண்டும். கறுப்பாக விழுந்தால் உள்ளே பைரைட் மிச்சமிருக்கிறது. அமிலத்தில் மட்டும் போடாதீர்கள்.

கே: துருவைப் போக்க ஆக்ஸாலிக் அமிலம் சரியா?

ப: அந்தத் துருதான் கல்லே.

கே: என் குவார்ட்ஸ் கனசதுரம் உள்ளே வெற்றாக இருக்கிறது. போலியா?

ப: இல்லை. கனசதுரமாக வளரும் ஃபுளோரைட் என்ற கனிமத்தின்மேல் குவார்ட்ஸ் படிந்தது, அப்புறம் ஃபுளோரைட் கரைந்துபோனது. மிஞ்சியது கூடு.

கே: வெள்ளிக் கனிமம் ஒன்றை அர்ஜென்டைட் என்று லேபிள் ஒட்டி விற்கிறார்களே?

ப: சுமார் 173 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது அகாந்தைட். சேர்மம் அதேதான், அணுக்களின் அடுக்குதான் வேறு. கையில் பிடிக்க முடிகிறதென்றால் அகாந்தைட்தான்.

கே: புலிக்கண் கல்லும் பொய்யுருதானே?

ப: நீலக் கல்நார் இழைகளின் இடத்தைக் குவார்ட்ஸ் பிடித்துக்கொண்டது என்ற கருத்து 1873 முதல் நூறாண்டுக்கு மேல் ஓடியது. 2003இல் ஹீனி, ஃபிஷர் என்ற ஆய்வாளர்கள் அதை மறுத்தார்கள். பாறையில் விரிசல் விழும், குவார்ட்ஸ் அடைக்கும், மறுபடி விரிசல் விழும். இழையும் குவார்ட்ஸும் கூடவே வளர்ந்தவை என்றார்கள். நான் அவர்கள் பக்கம்.

கே: ஒப்புக்கொள்ள மாட்டேன். இழை அப்படியே இருந்தால் பொன்னிறம் எங்கிருந்து வந்தது?

ப: இழையிலிருந்த இரும்பு துருவேறியது. நிறம்தான் மாறியது, இடம் கைமாறவில்லை. என் பெட்டியில் பொய்யுரு வரிசையிலிருந்து அதை எடுத்துவிட்டேன். உங்கள் பெட்டி உங்கள் இஷ்டம். அறுத்தால் தூசியைச் சுவாசிக்காதீர்கள், கல்நார் கல்நார்தான்.

கே: அசுரைட் (நீலச் செம்புக் கனிமம்) வடிவில் இருக்கும் மலக்கைட்டை (பச்சைச் செம்புக் கனிமம்) அமிலத்தில் கழுவலாமா?

ப: முதல் பதிலில் சொன்னதேதான்: அமிலத்தில் போடாதீர்கள்.

கே: வினிகரில்?

ப: வினிகரும் அமிலம்தான் ஐயா.