ஆற்றங்கரைக் குப்பை: கேளுங்க, சொல்கிறேன்

நொய்யல், பவானி, அமராவதி, காவிரி என்று நம் பக்கத்து ஆறுகளின் கரையில் குப்பை எடுக்கும் குழுக்களோடு நெடுநாளாக வேலை செய்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களும், தொடங்கிச் சலித்துப் போனவர்களும் கேட்டவை இங்கே.

அண்ணா, நாங்க காலேஜ் பசங்க. மேட்டுப்பாளையத்துல பவானிக் கரையைச் சுத்தம் பண்ணலாம்னு இருக்கோம். முதல்ல என்ன வாங்கணும்?

வாங்குவதற்கு முன்னால் ஒருவரைப் பார்க்க வேண்டும் தம்பி, நகராட்சி சுகாதார ஆய்வாளரை. எந்த இடத்தில் மூட்டையை அடுக்கலாம், வண்டி எப்போது வரும் என்று அவரிடம் கேட்டு முடிவு செய்துவிட்டுத்தான் தேதி குறிக்க வேண்டும். குப்பையைப் பொறுக்குவது சுலபம், பொறுக்கினது எங்கே போகிறது என்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். மூட்டை கட்டி வரிசையாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ராத்திரி நாய் கிழிக்கும், அடுத்த மழைக்கு எல்லாம் திரும்ப ஆற்றுக்குள் போய்விடும். வண்டி உறுதியாகவில்லையா, தேதியைத் தள்ளி வையுங்கள்.

இன்னொன்று, உங்கள் ஊருக்கே உரியது. மேலே பில்லூர் அணையில் மின்சாரம் எடுக்கத் தண்ணீர் விட்டால், வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பவானியில் தண்ணீர் ஏறும். நடு ஆற்றுப் பாறையில் நிற்கிறவனுக்குத் தெரிவதற்குள் நாலு பக்கமும் தண்ணீராகிவிடும். பாறையில் சிக்கிய பாலித்தீன் பைக்காக உள்ளே போகாதீர்கள். ஒருவர் குப்பை எடுக்காமல் தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கட்டும், கையில் விசில் இருக்கட்டும்.

சாமான் என்றால், உள்ளங்கையில் ரப்பர் பூசிய கையுறை, மூடின ஷூ, நீள இடுக்கி, மம்பட்டி, அரிவாள். மூட்டைக்கு நெய்த சாக்கு, அதில் தண்ணீர் தானாக வடிந்துவிடும். குடிக்க ஒரு குடமும் டம்ளரும் போதும், தண்ணீர் பாக்கெட் வேண்டவே வேண்டாம்.

நீச்சல் தெரியணுங்களா?

கரையில் எடுக்கிறவர்களுக்கு வேண்டாம். தண்ணீரில் இறங்கும் வேலையைத் தன்னார்வலர்கள் செய்யவே கூடாது என்பது என் கருத்து.

பேரூர்ப் படித்துறையில திதி கொடுக்க வர்றவங்க துணியை ஆத்துல விட்டுட்டுப் போறாங்க. அவங்க துக்கத்துல இருக்கறப்ப எப்படிங்க சொல்றது?

சொல்லாதீர்கள் அக்கா. அப்பாவுக்குத் திதி கொடுக்க வந்தவரிடம் போய் ஆறு கெடுகிறது என்று பாடம் எடுத்தால் சண்டைதான் வரும், அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. சடங்கு செய்து வைக்கிறவர்களிடம் பேசுங்கள். “துணியை அந்தக் கூடையில போட்டுடுங்க” என்று அவர் வாயால் ஒரு வார்த்தை வந்தால் யாரும் மறுப்பதில்லை. பெரிய மூங்கில் கூடையைப் படியின் கடைசியில், ஈரத்துணியோடு ஏறி வருகிறவர் கைக்கு எட்டுகிற மாதிரி வையுங்கள். தை அமாவாசை, ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை மூன்றுக்கும் கூடையைக் காலி செய்ய ஆள் வேண்டும். நிறைந்த கூடைக்குப் பக்கத்தில் தரையில்தான் போடுவார்கள்.

ஏற்கனவே ஆற்றில் கிடக்கிற துணிதான் கஷ்டம். ஒரு சேலை மணலில் புதைந்துவிட்டால், வெளியே தெரிகிற முந்தானையைப் பிடித்து இழுத்தால் வராது, கிழியும், இழுத்தவர் மல்லாந்து விழுவார். மம்பட்டியால் ஓரமாக மணலைத் தள்ளிக்கொண்டே துணியைப் பாய் மாதிரி சுருட்டி வர வேண்டும். கல்லிலும் வேரிலும் சுற்றியிருந்தால் அரிவாளால் அறுத்துத் துண்டு துண்டாக எடுங்கள். உடனே மூட்டை கட்டாதீர்கள், ஈரத்துணி மூட்டையை ரெண்டு ஆள் சேர்ந்தும் தூக்க முடியாது. கரைமேட்டில் விரித்துவிட்டு மறுநாள் வந்தால் மணலும் உதிர்ந்திருக்கும், எடையும் குறைந்திருக்கும். பவானி கூடுதுறை, கொடுமுடிக்கும் இதே முறைதான்.

திருப்பூருங்க. நொய்யல்ல நுரை பொங்குது. நாங்க குழுவா எறங்கி ஏதாவது பண்ணலாமா?

நுரையைக் கையால் தொடாதீர்கள். சாக்கடையும் சோப்பு, ரசாயனக் கழிவும் கலந்து வருகிறது அது, அள்ளித் தீராது. ஒரத்துப்பாளையம் அணை கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாசனத்துக்கென்று 1992-ல் கட்டி முடித்த அணையில் சாயத் தண்ணீர்தான் தேங்கியது, கீழே தென்னையும் கிணறும் கெட்டன. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போய்ப் போராடி, 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவே வெளியேறாத சுத்திகரிப்பு கட்டாயமாக நடைமுறைக்கு வந்தது. சாக்கு எடுத்துக்கொண்டு போகிற நம்மால் அது நடந்திருக்காது.

ஆனால் கரையில் தினமும் நிற்கிறவர் நீங்கள்தான். தண்ணீர் நிறம் மாறினால் எந்த இடம், எத்தனை மணி, எந்த ஓடை வழியாக வருகிறது என்று படத்தோடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, ரசீது வாங்கி வையுங்கள். ராத்திரி திறந்துவிடுவதுதான் வழக்கமான புகார், அதனால் நேரம் முக்கியம்.

எடுக்க எடுக்க வந்துட்டே இருக்குதுங்க. வெறுத்துப் போச்சு. (தாராபுரம்)

நியாயமான வெறுப்புங்க. ஒரு வாரம் எடுப்பதை நிறுத்திவிட்டுக் குப்பையை மட்டும் பாருங்கள். ஒரு சாக்கைத் தார்பாயில் கொட்டிப் பிரியுங்கள். ஷாம்பு பாக்கெட்டும் பால் கவரும் நிறைய இருந்தால் வீட்டுக் குப்பை, ஊருக்குள் இருந்து பள்ளம் வழியாக வந்து சேர்கிறது. அந்தத் தெருவுக்குக் குப்பை வண்டி வருகிறதா, எல்லாரும் வேலைக்குப் போன பிறகு வருகிறதா என்று விசாரியுங்கள். வண்டியின் நேரத்தை மாற்ற வைப்பது, பல மாதம் பொறுக்குவதைவிடப் பெரிய வேலை. கோழி இறகு, குடல் மூட்டையா, ராத்திரி பாலத்தின் மேலிருந்து வண்டியில் வந்து போடுகிறார்கள் என்று அர்த்தம். பஞ்சாயத்தில் சொல்லிப் பாலத்துக்கு விளக்குப் போடச் சொல்லுங்கள், கோழிக்கடைக்காரர்களை நேரில் பாருங்கள். பிளாஸ்டிக் டம்ளரும் பாட்டிலும் என்றால் கரையிலேயே உட்கார்ந்து குடிக்கிறார்கள். பிளாஸ்டிக் டம்ளருக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது, பக்கத்தில் எந்தக் கடையில் விற்கிறார்கள் என்று உள்ளாட்சியில் புகார் செய்யலாம்.

ஆறு முழுவதையும் தோளில் சுமக்காதீர்கள். ஒரு பாலத்தில் இருந்து அடுத்த படித்துறை வரை என்று எல்லை வைத்துக்கொண்டு, அதையே விடாமல் பாருங்கள். சுத்தமாக இருக்கிற இடத்தில் முதல் கவரைப் போட ஜனங்களுக்குக் கொஞ்சம் கூச்சம் வரும்.

பாட்டிலை விக்கலாங்களா?

உடையாதது பழைய இரும்புக்கடையில் போகும். டாஸ்மாக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற திட்டம் 2022-ல் நீலகிரியில் தொடங்கியது, ஆனால் அதற்கு ஒட்டின சீட்டு வேண்டும், ஆற்றில் ஊறினதில் அது இருக்காது. சிப்ஸ் கவர் மாதிரி பல அடுக்குக் கவரை யாரும் வாங்க மாட்டார்கள், அது உள்ளாட்சி வழியாக சிமென்ட் ஆலைச் சூளைக்குத்தான் போக வேண்டும். எதையும் கரையில் கொளுத்தாதீர்கள்.

நாணலையும் புதரையும் வெட்டிட்டா பளிச்சுனு இருக்குமே?

வேண்டாங்க. நாணலும் கோரையும்தான் கரை மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. அதில் சிக்கின கவரை மட்டும் எடுங்கள். கோடையில் கரைக் கூழாங்கல் மேலேயே ஆள்காட்டிக் குருவி முட்டையிடும். முட்டையும் புள்ளி போட்ட கல் நிறத்தில்தான் இருக்கும், மிதித்த பிறகுதான் தெரியும். தலைக்கு மேலே ஒரு குருவி சுற்றிச் சுற்றிக் கத்தினால் அப்படியே நின்று காலடியைப் பாருங்கள், வந்த வழியே திரும்புங்கள். குஞ்சு வெளியே வந்த பிறகு அந்த இடத்தை எடுத்துக்கொள்ளலாம்.

ஊசி, சிரிஞ்ச் கிடந்தா என்ன பண்றதுங்க அண்ணா? (ஈரோடு, காவிரிக் கரை)

கையுறை போட்டிருந்தாலும் கையால் எடுக்காதீர்கள். இடுக்கியால் எடுத்து, மூடியுள்ள கெட்டியான எண்ணெய் கேனில் போட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்கூட்டியே சொல்லி ஒப்படையுங்கள். சாக்கில் போட்டால் அதைத் தூக்குகிற தூய்மைப் பணியாளர் தொடையில்தான் குத்தும்.

ஒருவேளை யாருக்காவது குத்திவிட்டால் அந்த இடத்தைப் பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது. சோப்புப் போட்டு, ஓடுகிற நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. டெட்டனஸ் ஊசி பற்றியும் அங்கேயே கேளுங்கள். காலில் காயத்தோடு வந்தவரை அன்றைக்குச் சேற்றுப் பக்கம் விடாதீர்கள், எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் நுழையும். அடுத்த சில வாரங்களில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், ஆற்றில் வேலை செய்ததை டாக்டரிடம் மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.