சின்னக் கேரவன், கிலோக் கணக்கு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஊரில் கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி. பிரிட்டனில் அது காரின் பின்னால் கொளுவி இழுத்துப் போகும் சக்கர வீடு. கோடை விடுமுறைக்கு முன் வந்த கேள்விகளில் சில இங்கே.

எங்கள் காரின் கர்ப் வெயிட் (ஆளும் சாமானும் ஏற்றாத எடை) 1,400 கிலோ. எவ்வளவு எடையுள்ள கேரவன் இழுக்கலாம்? (ஹாரோ)

இரண்டு கணக்குப் போடுங்கள். எது சிறியதோ அதுதான் உங்கள் எல்லை.

முதலாவது, காரின் வி.ஐ.என். தகடு, அதாவது வாகன அடையாள எண் பொறித்த தகடு. பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்திலோ பானெட்டுக்கு அடியிலோ இருக்கும். அதில் வரிசையாக நான்கு எடைகள். முதல் எடை காரும் சுமையும் சேர்ந்தது, இரண்டாவது காரும் கேரவனும் சேர்ந்தது. 1,900, 3,100 என்று இருந்தால், நிறைசுமைக் காரோடு இழுக்கக்கூடியது 1,200 கிலோ. இரண்டாவது எடையே இல்லாவிட்டால் அந்தக் கார் இழுவைக்கு அங்கீகரிக்கப்பட்டதல்ல என்று கொள்ளுங்கள். மின்சாரக் கார்களில் இதை முதலில் பாருங்கள், பலவற்றுக்கு அனுமதி இல்லை. வி5சி பதிவுப் பத்திரத்தில் ஓ.1 என்ற கட்டத்திலும் பிரேக் உள்ள இழுவைக்கான எல்லை இருக்கும்.

இரண்டாவது, 85 சதவீதம். புதிதாக இழுப்பவருக்குக் கேரவனின் உச்ச எடை காரின் கர்ப் வெயிட்டில் 85 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்பது இங்குள்ள கேரவன் சங்கங்களின் அறிவுரை. உங்களுக்கு 1,190 கிலோ. இது சட்டம் அல்ல, ஆனால் வால் நாயை ஆட்டாமல் இருக்க இதைவிட எளிய வழி இல்லை.

விற்பவர் "980 கிலோதான், பஞ்சு போல வரும்" என்கிறார். நம்பலாமா? (லெஸ்டர்)

அவர் சொல்வது வெற்று எடை, மிரோ என்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது எம்.டி.பி.எல்.எம். எனப்படும் உச்ச எடை. கேரவன் கதவருகே உள்ள தகட்டில் இருக்கும். அது 1,150 என்றால் உங்கள் சாமானுக்குக் கிடைப்பது 170 கிலோ மட்டுமே. கேரவனைக் கையால் தள்ளாமல் நகர்த்தும் மோட்டார் மூவர் சுமார் 30 கிலோ தின்னும். வெளிக்கூடாரம், பேட்டரி, காஸ் சிலிண்டர் சேர்ந்தால் பாதி போய்விடும். மிச்சத்தில்தான் படுக்கை, பாத்திரம், பத்துக் கிலோ அரிசி மூட்டை, இட்லிக் குண்டான் எல்லாம். அரிசியைப் போகிற ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் உருளையைக் காலி செய்துவிட்டுக் கிளம்புங்கள். 40 லிட்டர் என்றால் 40 கிலோ.

லாரி கடக்கும்போது கேரவன் வால் ஆட்டுகிறது. ஸ்டெபிலைசர் இருந்தும் ஏன்? பின்னால் இரண்டு சைக்கிள் மாட்டியிருக்கிறோம். (கிராய்டன்)

கேள்வியின் கடைசி வாக்கியத்திலேயே பதில் இருக்கிறது.

கேரவனின் முன்முனை காரின் டோ பால் (கேரவனைக் கொளுவும் உருண்டை) மீது அழுத்தும் எடையை மூக்குப் பாரம் என்போம். அது கேரவனின் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் இருக்க வேண்டும். 1,150 கிலோவுக்கு ஏறத்தாழ 58 முதல் 80 வரை. காருக்கும், டோ பாலைத் தாங்கும் டோ பாருக்கும் தனித்தனி எல்லை உண்டு. அவற்றில் குறைந்ததைத் தாண்டக் கூடாது.

உங்கள் சைக்கிள்களும் தாங்கியும் 40 கிலோ, கேரவன் அச்சிலிருந்து 2.5 மீட்டர் பின்னால் என்று வைப்போம். அச்சிலிருந்து டோ பால் 4 மீட்டர் முன்னால். சீசா பலகைக் கணக்குதான்: 40 × 2.5 ÷ 4 = 25 கிலோ மூக்கிலிருந்து தூக்கப்படுகிறது. 70 இருந்த இடத்தில் 45. நான்கு சதவீதத்துக்கும் கீழ். அதோடு, கோடியில் தொங்கும் எடை ஒருமுறை ஆடத் தொடங்கினால் நிற்க மாட்டேன் என்கும். ஸ்டெபிலைசர் ஆட்டத்தைக் குறைக்கும், தப்பாக ஏற்றிய சுமையைத் திருத்தாது. சைக்கிளைக் கார் கூரைக்கு மாற்றுங்கள், கூரையின் சுமை எல்லையைப் பார்த்துவிட்டு. கனமான சாமானை அச்சுக்கு மேலே, தரையோடு வையுங்கள். மேல் அலமாரியில் துணிமணி போதும்.

மூக்குப் பாரத்தை வீட்டிலேயே அளக்கலாம். சமதரையில், சாமான் ஏற்றிய கேரவனின் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுங்கள். குளியலறைத் தராசின் மேல் ஒரு கட்டையை நிறுத்தி அதன் தலையில் கேரவனின் முன்முனையை இறக்குங்கள். முனை டோ பால் உயரத்தில் இருக்கும்படி கட்டையை வெட்டிக்கொள்ளுங்கள். முன்முனையைத் தாங்கும் சின்னச் சக்கரமான ஜாக்கி வீலை மேலே சுற்றி அது தரையை விட்டதும் தராசைப் படியுங்கள்.

ஆட்டம் வந்துவிட்டால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். பிரேக்கை அழுத்தினால் பின்னால் வரும் ஒரு டன் காரின் வாலைப் பக்கவாட்டில் தள்ளும். எதிர்ப்பக்கம் திருப்பித் திருத்தப் பார்ப்பதும் ஆட்டத்தைக் கூட்டும். வேகம் கூட்டினால் ஆட்டம் அடங்கும் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

2004இல் எடுத்த லைசென்ஸ். தனித் தேர்வு வேண்டுமா? (ஸ்விண்டன்)

வேண்டாம். 1997 ஜனவரிக்குப் பின் தேர்ச்சி பெற்றவர்களுக்கு இருந்த அந்தக் கூடுதல் தேர்வு, 2021 டிசம்பர் 16 முதல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் இல்லை. 3,500 கிலோ வரையான இழுவண்டியை இழுக்கலாம். காரின் எல்லை மட்டும் அப்படியே நிற்கிறது.

கொளுவிய பிறகு சரியாகப் பூட்டியதா என்று எப்படி அறிவது? (மில்டன் கீன்ஸ்)

"டக்" என்ற ஓசையை மட்டும் நம்பாதீர்கள். முன்முனை டோ பாலில் உட்கார்ந்ததும், ஜாக்கி வீலை மறுபடி கீழே சுற்றுங்கள். காரின் பின்பக்கம் கேரவனோடு சேர்ந்து இரண்டு அங்குலம் எழும்பினால் பூட்டு விழுந்திருக்கிறது. கேரவன் மட்டும் எழும்பினால் விழவில்லை. அதன்பின் ஸ்டெபிலைசர் கைப்பிடியை இறக்குங்கள். உராய்வு முறை ஸ்டெபிலைசர் என்றால் டோ பாலில் கிரீஸ், பெயின்ட் எதுவும் இருக்கக் கூடாது. புதிய டோ பாலின் கறுப்புப் பூச்சைச் சுரண்டாமல் ஓட்டினால் ஸ்டெபிலைசரின் உராய்வுப் பட்டைகள் பளபளத்துப்போய்க் கிறீச்சிடும்.

பிரேக்அவே கேபிளைக் காரில் அதற்கென்று உள்ள வளையத்தில் மாட்டுங்கள். கேரவன் கழன்றால் அது ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுத் தானும் அறுந்துவிடும். தரையில் உரசும் அளவு நீளம் ஆகாது. வளைவில் இறுகும் அளவு குட்டையும் ஆகாது. பிறகு 13 ஊசி மின் பிளக்கைச் செருகி விளக்குகளைச் சோதியுங்கள். கூரை ஜன்னலும் காஸ் வால்வும் மூடியிருக்கின்றனவா என்று பாருங்கள். நாலு மூலைக் கால்களும் மேலே ஏறியிருக்கின்றனவா என்று ஒரு சுற்று நடந்து பாருங்கள்.

வேகம், கண்ணாடி? (ரெடிங்)

ஒற்றைச் சாலையில் மணிக்கு 50 மைல், நடுவே பிரிப்புள்ள இரட்டைச் சாலையிலும் மோட்டார்வேயிலும் 60. மூன்றோ அதற்கு மேலோ தடம் உள்ள மோட்டார்வேயில் வலக்கோடித் தடம் உங்களுக்கு இல்லை. கேரவன் காரைவிட அகலம் என்றால் நீட்டுக் கண்ணாடி கட்டாயம். கேரவனுக்குள் யாரையும் உட்கார வைத்து ஓட்டாதீர்கள், அது நீண்ட பயணமானாலும் சரி, தெருமுனை வரை ஆனாலும் சரி.

ஒன்பது வருடப் பழைய கேரவன். டயரில் பள்ளம் நன்றாக இருக்கிறது. வாங்கலாமா? (கார்டிஃப்)

கேரவன் டயர் தேய்ந்து சாவதில்லை, நின்று சாகிறது. பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற குறியின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள், அதுதான் தயாரித்த தேதி. 2317 என்றால் 2017இன் 23ஆம் வாரம். ஐந்து வருடத்தில் மாற்றுவது நல்லது, ஏழு வருடத்தைத் தாண்ட விடாதீர்கள். டயர் எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டும் சுமைக் குறி எண்ணையும் படியுங்கள். 1,150 கிலோவில் மூக்குப் பாரம் 70 போனால் இரண்டு டயரில் ஒன்றுக்கு 540. குறி 88 என்றால் அது 560 வரைதான் தாங்கும், மிச்சம் 20 கிலோதான். 95 என்றால் 690. சக்கரம் மாற்றினால் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் முறுக்கி, சுமார் 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பாருங்கள்.

டயரைவிடப் பெரிய செலவு ஈரம். முன் ஜன்னலுக்கு அடியிலும் மூலைகளிலும் கட்டை விரலால் அழுத்துங்கள். சுவர் பிஸ்கெட் போல அமுங்கினால் உள்ளே மரச்சட்டம் ஊறியிருக்கிறது. ஈரமானி 15 சதவீதத்துக்குக் கீழ் காட்டினால் கவலை இல்லை. 20ஐத் தாண்டினால் கசிவு எங்கே என்று கண்டுபிடிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அக்டோபரில் ஸ்காட்லாந்து. நீல சிலிண்டர் போதுமா? (கிளாஸ்கோ போகும் குடும்பம்)

நீலம் பியூட்டேன். பனி விழும் இரவில் அது ஆவியாகாது, காலைத் தேநீருக்கு அடுப்பு எரியாது. சிவப்பு, அதாவது புரொப்பேன், கொண்டுபோங்கள்.