கேள்வி பதில்: தாத்தாவுக்கு வயதானதா, கதைக்கு வயதானதா?

கேள்வி: 1996-இல் 'இந்தியன்' பார்த்துக் கண்கலங்கிய என் தகப்பனார், அதன் இரண்டாம் பாகத்தைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பியபோது பாதியிலேயே எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். நாயகனுக்கு வயதாகிவிட்டதுதான் காரணமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: வயதின் மேல் பழி போடுவது எளிது, ஆனால் கணக்கு உதைக்கிறது. முதல் பாகம் வந்தபோது கமல்ஹாசனுக்கு 41 வயது. எழுபதைக் கடந்த சேனாபதியாக அவரை மாற்றியது ஒப்பனையும் உடல்மொழியும்தான். 2024 ஜூலையில் இரண்டாம் பாகம் வெளியானபோது அவருக்கு 69. முதியவர் வேடத்துக்கு இயற்கையே பாதி வேலையைச் செய்து கொடுத்துவிட்ட வயது அது. நம்ப முடியாத சாகசம்தான் குறை என்றும் நான் சொல்லமாட்டேன். சித்தூர் எல்லையை ஒட்டி வாழ்ந்துகொண்டு, தெலுங்குப் படங்களில் ஒரே உதையில் பத்துப் பேரைப் பறக்கவிடும் நாயகர்களுக்கெல்லாம் விசிலடித்துப் பழகிய நாம், நூறு வயதைத் தாண்டிய கிழவர் ஒற்றைச் சக்கர வண்டியில் பறப்பதை மட்டும் மன்னிக்காமலா போவோம்?

முதல் பாகத்தில் சேனாபதி கொடுத்த விலையே நம்மைக் கட்டிப்போட்டது. லஞ்சம் கொடுக்க மறுத்ததால் மகளைப் பறிகொடுத்த அவர், கையூட்டு வாங்கிக்கொண்டு பழுதான பேருந்துக்குத் தகுதிச் சான்று வழங்கிப் பள்ளிப் பிள்ளைகளின் சாவுக்குக் காரணமான சொந்த மகனையும், மனைவியின் கண்ணீரைப் பொருட்படுத்தாமல், தம் கையாலேயே தண்டிக்கிறார். தண்டிப்பவரின் வீடே வெறுமையாகிவிடுவதால், அவருடைய நியாயத்தை ஏற்காதவர்கள்கூட அவரை மதித்தார்கள். இரண்டாம் பாகத்தில் இந்த விலை இளைஞர்களின் தலையில் விழுகிறது: சேனாபதித் தாத்தாவின் பேச்சைக் கேட்டுத் தன் தந்தையைக் காட்டிக்கொடுக்கும் சித்ரா அரவிந்தன் தன் தாயை இழக்கிறான், தாத்தா எதையும் இழப்பதில்லை. உபதேசிப்பவர் ஒருவர், அனுபவிப்பவர் வேறொருவர் என்னும் இந்த முரண் உண்மையில் மிக நல்ல கதைக்கரு என்பது என் எண்ணம். ஆனால் படம் அதில் நின்று நிதானிக்காமல், துரத்தலுக்கும் வர்மப் பிடிகளுக்கும் ஓடிவிடுகிறது. உங்கள் தகப்பனார் எழுந்து போனதில் எனக்கு வியப்பில்லை.

கேள்வி: இந்த வியாதி ஆங்கிலப் படங்களுக்கும் உண்டா?
– வாசகர், இராணிப்பேட்டை

பதில்: அங்கே முற்றிப்போன வியாதி ஐயா இது. 1974-இல் வந்த 'டெத் விஷ்' படத்தில், மனைவியைக் கொள்ளையரிடம் பறிகொடுத்த கட்டடக் கலைஞர் பால் கெர்சியாகச் சார்லஸ் பிரான்சன் நடித்தார். அப்போது அவருக்கு 52 வயது. முதன்முறையாக ஒருவனைச் சுட்டுவிட்டு வீடு திரும்பும் கெர்சி வாந்தி எடுக்கிறார். அந்தக் குமட்டல்தான் படத்தின் மனசாட்சி. 1985-இல் வந்த மூன்றாம் பாகத்தில் அதே மனிதர் ராக்கெட் ஏவுகருவியால் எதிரியைத் தகர்க்கிறார். குமட்டலுக்கான அறிகுறியே இல்லை. 1994-இல் ஐந்தாம் பாகம் வந்தபோது பிரான்சனுக்கு 72. ஒவ்வொரு பாகத்திலும் அவருக்கு நெருக்கமான யாராவது ஒருவர் பலியாவதால், அவர்மேல் அன்பு வைக்கும் பெண் திரையில் தோன்றியதுமே அவளுக்கு ஆயுள் குறைவு என்று ரசிகர் கணித்துவிடலாம். இழப்பு என்பது இங்கே துப்பாக்கியை எடுக்க ஒரு சாக்கு, அவ்வளவே. இத்தனைக்கும் மூலநாவலை 1972-இல் எழுதிய பிரையன் கார்ஃபீல்டு, சட்டத்தைத் தனி மனிதர் கையிலெடுப்பதன் ஆபத்தைச் சொல்லவே அதை எழுதினார். முதல் படமே அவருக்குப் பிடிக்காமல் போனதால், 1975-இல் அதற்கு மறுப்பைப் போல மற்றொரு நாவலையும் எழுதினார்.

கேள்வி: அப்படியானால் மூத்த நட்சத்திரங்கள் சண்டைப் படங்களை விட்டுவிட வேண்டுமா?
– வாசகர், ஆற்காடு

பதில்: வேண்டவே வேண்டாம். டூப்பும், நொடிக்கொரு வெட்டும், கணினி வரைகலையும் கொண்டு வயதை மறைக்க முற்படுவதைத்தான் விட வேண்டும். கை ஓங்கியவுடன் காட்சி வெட்டுப்பட்டு, அடி விழுந்தவன் மட்டும் சுவரில் மோதினால், நாயகர் அங்கே இல்லை என்பது தரை டிக்கெட் ரசிகருக்கும் புரிந்துவிடும். மாடிப்படி ஏறுகையில் மூச்சு வாங்கட்டும். அடித்த கை வலிக்கட்டும். ஒரு சண்டையிலாவது தோற்கட்டும். அப்படி ஒரு மூன்றாம் பாகத்தை யாரேனும் எடுத்தால், குடியாத்தம் பெரியவரையும் அழைத்துக்கொண்டு முதல் நாளே போய்ப் பார்க்க நான் தயார்.