மாநகராட்சி விளையாட்டுத் திடலைத் தனியார் அகாடமிக்கு விடப்போகிறார்களாம். ஏரியாக்காரர்கள் என்ன செய்யலாம்?

தீர்மானம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மாநகராட்சி மன்றக் கூட்டத்தில் இது விவாதப் பொருளாக வைக்கப்படும்போது பாதி வேலை முடிந்திருக்கும். அகாடமிக்காரர் கவுன்சிலரையும் மண்டல அதிகாரியையும் முன்பே பார்த்திருப்பார். திடலில் ஆடும் பையன்கள் யாரையும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சென்னை மாநகராட்சி 2024 அக்டோபர் இறுதியில் 9 செயற்கைப் புல்தரைக் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கத் தீர்மானம் போட்டது. தினம் ஒரு மணி நேரம், மாதம் 25 நாள் ஆடும் பையனுக்கு 3,000 ரூபாய். வடசென்னையில் எந்த வீட்டில் அதைக் கொடுப்பார்கள்? எதிர்ப்பு கிளம்பியதும் முடிவைக் கைவிட்டார்கள். தொகை பளிச்சென்று தெரிந்ததால்தான் அவ்வளவு வேகமாக எதிர்ப்பு வந்தது என்பது என் கணிப்பு.

பல இடங்களில் தொகையே தெரியாது. ‘பராமரிப்பு’, ‘பயிற்சி முகாம்’ என்றுதான் காகிதத்தில் இருக்கும். பறிபோவது நேரம். காலை 6 முதல் 8, மாலை 4 முதல் 7 அகாடமிக்கு, உச்சிவெயில் பொதுமக்களுக்கு. அதனால் முதலில் நேர அட்டவணையைக் கேளுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். “ஏன் கொடுத்தீர்கள்?” என்று கேட்டால், அது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள். நகல் கேளுங்கள்: மன்றத் தீர்மானம், டெண்டர் அறிவிப்பு, ஒப்பந்தம், கோப்புக் குறிப்புகள், அந்த நிலத்தின் வகைப்பாடு. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. மன்றக் கூட்டம் அடுத்த வாரமே என்றால் இது உதவாது. கமிஷனருக்கும் மேயருக்கும் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள். ஏரியா சபை (வார்டுக்குள் பகுதிவாரியாக நடக்கும் மக்கள் கூட்டம்) கூடினால் அங்கும் பேசிப் பதிவு செய்யுங்கள்.

நில வகைப்பாட்டில்தான் உங்கள் பலம் இருக்கிறது. லேஅவுட்டில் (மனைப்பிரிவில்) பொது உபயோகத்துக்கென ஒதுக்கி, தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு வந்த நிலம் என்றால் அழுத்திப் பிடியுங்கள். பூங்கா, விளையாட்டுத் திடல் பாதுகாப்புக்கு 1959-லேயே தமிழ்நாட்டில் தனிச்சட்டம் உண்டு. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும் (பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் வழக்கு) மனுவில் குறிப்பிடுங்கள். ஆனால் அகாடமி அங்கே விளையாட்டுதானே நடத்துகிறது என்ற பதில் வரும். அதற்கு எதிராக நிற்கப்போவது நேர அட்டவணையும் கட்டணமும்தான்.

செயற்கைப் புல்தரை போடப்போகிறோம் என்றாலே விழித்துக்கொள்ளுங்கள். வேலி வரும், பூட்டு வரும், தரையைப் பராமரிக்கக் கட்டணம் என்ற பேச்சு வரும். கிரிக்கெட்டும் கபடியும் வெளியே போகும்.

தடுக்கவே முடியாது என்றால் ஒப்பந்தத்தில் இவற்றையாவது எழுத வையுங்கள்: தினமும் மாலையில் 2 மணி நேரம் எல்லோருக்கும் இலவசம், சாவி மாநகராட்சியிடம், ஓராண்டுக்கு மேல் கிடையாது, மீறினால் ரத்து. நேரமும் கட்டணமும் புகார் எண்ணும் எழுதிய பலகை வாசலில் இருக்க வேண்டும் என்பதையும் ஒரு நிபந்தனையாகவே சேர்க்கச் சொல்லுங்கள்.