குறைந்த செலவில் கேமிங் கணினி சேர்க்கிறேன். சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) பெயர் ஒன்றாக இருந்தால் பாகங்கள் ஒத்துப்போகும்தானே?

போகாது. நானும் உங்களைப் போல நினைத்துத்தான் பிராசஸர் வாங்கினேன். கேள்வியைப் பார்த்ததும் பழைய எரிச்சல் திரும்பி வந்துவிட்டது, அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

உங்கள் நிலைமை என்னவென்று ஊகிக்க முடிகிறது. வீட்டில் ஒரு பழைய கணினி இருக்கிறது. மொத்தமாகப் புதிது வாங்கக் கையில் காசில்லை. அதனால் இந்த மாதம் பிராசஸர், அடுத்த மாதம் ராம், அப்புறம் எப்போதாவது கிராபிக்ஸ் கார்டு என்று ஒரு கணக்கு. நான்கு வீடியோ பார்த்திருப்பீர்கள், நான்கிலும் நான்கு பட்டியல். ஊகம் தப்பென்றால் மன்னித்துவிடுங்கள்.

என்னிடம் அப்போது இருந்தது பென்டியம் ஜி4560 பிராசஸர், ஒரு எச்110 மதர்போர்டு (எல்லாப் பாகமும் பொருந்தும் பலகை, சுருக்கமாக போர்டு), 8 ஜிபி டிடிஆர்4 ராம். 2017ல் அந்தப் பென்டியம் வந்தபோது எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய விஷயம். இரண்டு கோர்தான் (வேலை செய்யும் மூளைகள்), ஆனால் நான்கு திரெட், அதாவது ஒரே நேரத்தில் நான்கு வேலை. இரண்டு வருடம் ஓட்டினேன். அதற்குப் பிறகு மூச்சு வாங்கத் தொடங்கியது. கேமில் அறைக்குள் நிற்கும்வரை நன்றாக ஓடும், தெருவில் இறங்கினால் படம் படமாக நகரும். அந்த நேரத்தில் பழைய பாகங்கள் விற்கும் ஒருவரிடம் இன்டெல்லின் ஐ5-8400 பிராசஸர் கிடைத்தது. ஆறு கோர். என் போர்டின் சாக்கெட் எல்ஜிஏ 1151. பிராசஸர் பெட்டியிலும் எல்ஜிஏ 1151. இதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது என்று வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பழையதைக் கழற்றிப் புதியதை வைத்தேன். ஓரத்தில் இருக்கும் இரண்டு வெட்டுகளும் சாக்கெட்டின் மேடுகளில் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தன. லீவர் இறங்கியது. தெர்மல் பேஸ்ட் தடவி, கூலரைப் பூட்டி, பட்டனை அமுக்கினேன். ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, மானிட்டரில் மட்டும் எதுவும் இல்லை.

மூன்று நாள் இதோடு மல்லுக்கட்டினேன். ராமைக் கழற்றி அதன் தங்கநிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்தேன். ஸ்லாட் மாற்றினேன். போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரியைக் கழற்றி அரைமணி நேரம் கழித்து மாட்டினேன். பக்கத்து வீட்டில் மானிட்டர் கேபிள் கடன் வாங்கினேன். மூன்றாம் நாள் இரவு, பிராசஸர் செத்துப்போனதுதான் என்று முடிவுகட்டி, விற்றவருக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். கொஞ்சம் மரியாதைக் குறைவாகவே எழுதினேன் என்று நினைக்கிறேன். அவர் திருப்பிக் கேட்டது இரண்டே வார்த்தை: “எந்த போர்டு?” சொன்னேன். “அதுல ஓடாதுங்க” என்று பதில் வந்தது.

விஷயம் இதுதான். எல்ஜிஏ 1151 என்ற ஒரே பெயரில் நான்கு தலைமுறை பிராசஸர்கள் வந்தன. 6, 7ஆம் தலைமுறைக்கு எச்110, பி250 போன்ற 100, 200 வரிசை போர்டுகள். 8, 9ஆம் தலைமுறைக்கு எச்310, பி360 போன்ற 300 வரிசை போர்டுகள். இரண்டுக்கும் அளவு ஒன்று, 1151 முனைகளும் ஒன்று. ஆனால் கோர்கள் கூடியதால், முன்பு சும்மா ஒதுக்கி வைத்திருந்த சில முனைகளை மின்சாரம் கொண்டுபோகப் பயன்படுத்தினார்கள். ஆகவே சொருக முடியும், ஓடாது. இதில் யாரும் எதையும் மறைக்கவில்லை. போர்டின் பக்கத்திலேயே பட்டியல் இருந்தது, நான்தான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

(எச்110 போர்டில், கணினியை எழுப்பும் மென்பொருளான பயாஸைத் திருத்தி, பிராசஸரின் சில முனைகளில் டேப் ஒட்டி 8ஆம் தலைமுறையை ஓட்டியவர்கள் உண்டு. தெரியும். ஒரு போர்டு போனால் இன்னொன்று எடுத்து மாட்ட வசதி இருப்பவர்களுக்கான விளையாட்டு அது. கேள்வி கேட்டவர் குறைந்த செலவு என்று சொல்லியிருக்கிறார். தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள்.)

எனவே நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, மதர்போர்டு தயாரித்தவர்களின் தளத்தில் உங்கள் போர்டின் பக்கத்துக்குப் போய் சிபியு சப்போர்ட் பட்டியலை (எந்தெந்தப் பிராசஸர் ஓடும் என்ற பட்டியல்) திறப்பது. அதில் உங்கள் பிராசஸரின் பெயர் எழுத்து பிசகாமல் இருக்க வேண்டும். இருந்தால் உடனே மூடிவிடாதீர்கள், அந்தப் பிராசஸருக்குக் குறைந்தது எந்தப் பயாஸ் பதிப்பு வேண்டும் என்று அதே வரியில் ஒரு பயாஸ் எண் இருக்கும். பெயரைப் பார்த்தவர்கள்கூட அங்கே கவிழ்வார்கள். பி450 போர்டுகள் 2018ல் வந்தவை. ஏஎம்டியின் ரைசன் 5 5600 பிராசஸர் வந்தது 2022ல். சாக்கெட் இரண்டுக்கும் ஏஎம்4தான், பட்டியலிலும் பெயர் இருக்கும். ஆனால் அலமாரியில் பல வருடம் தூங்கிய போர்டில் பழைய பயாஸ்தான் இருக்கும், அதற்கு 5600 என்றால் யாரென்றே தெரியாது. பயாஸைப் புதுப்பிக்கலாமே என்றால், அதற்குக் கணினி ஆன் ஆக வேண்டும். ஆன் ஆக ஒரு பழைய ரைசன் வேண்டும். அதை யாரிடம் போய்க் கேட்பது? பயாஸ் ஃப்ளாஷ்பேக் வசதி உள்ள போர்டு என்றால் பிராசஸர் இல்லாமலே பென்டிரைவிலிருந்து ஏற்றிவிடலாம். இல்லையென்றால், பணம் கொடுக்கும் முன்பே விற்பவரைப் புதுப்பித்துத் தரச் சொல்லுங்கள். கொடுத்த பிறகு கேட்டால் அவருக்கு நேரம் இருக்காது.

ராம் விஷயத்தில் இந்த வஞ்சனை கிடையாது. டிடிஆர்4, அடுத்து வந்த டிடிஆர்5 இரண்டு வகை ராமிலும் 288 முனைதான், ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும். தப்பான ராம் உள்ளேயே இறங்காது. முகத்துக்கு நேராக ‘மாட்டேன்’ என்று சொல்லும் ஒரே பாகம் அதுதான், அதனால் எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை உண்டு. ஏஎம்4 என்றால் டிடிஆர்4 மட்டும், ஏஎம்5 என்றால் டிடிஆர்5 மட்டும். இன்டெல்லின் 12 முதல் 14ஆம் தலைமுறை வரைக்குமான எல்ஜிஏ 1700 போர்டுகள் இரண்டு வகையிலும் உண்டு, போர்டின் முழுப் பெயரைப் பார்த்து வாங்குங்கள். 16 ஜிபி ஒன்றாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு வாங்குங்கள். மாட்டியதும் பயாஸில் போய் எக்ஸ்எம்பியை (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யுங்கள், இல்லையென்றால் 3200 வேகம் என்று காசு கொடுத்து வாங்கியது 2400லோ 2666லோ ஓடிக்கொண்டிருக்கும். நான் எட்டு மாதம் அப்படி ஓட்டினேன்.

கிராபிக்ஸ் கார்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தால், இன்டெல் பிராசஸரின் பெயர்க் கடைசியில் எஃப் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் இல்லை, போர்டின் எச்டிஎம்ஐயில் படம் வராது. ரைசன் 5 5600லும் வராது, 5600ஜியில் வரும். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் போகிறவர்களுக்கு இன்னொன்று. அந்தக் கார்டு ஸ்லாட்டில் தரவு போகும் 16 பாதைகளில் நான்கை மட்டும்தான் பயன்படுத்தும். பிசிஐஇ என்பது அந்த ஸ்லாட்டின் வகை, 4.0 போர்டில் அது பரவாயில்லை. 3.0 போர்டில் போட்டால் அந்த நான்கு பாதையின் வேகமும் பாதியாகிவிடும், கார்டின் சொந்த மெமரியும் 4 ஜிபிதான், கேம் திக்கும். பழைய போர்டு வைத்திருக்கும் ஏழைகள்தான் இந்தக் கார்டைத் தேடிப் போகிறார்கள் என்பதுதான் கொடுமை. கேபினெட்டில் கார்டின் நீளத்தையும் கூலரின் உயரத்தையும் ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள், அதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

இனி பவர் சப்ளை. எல்லாரும் பட்டியலின் கடைசி வரியில், மிச்சமிருக்கும் காசுக்கு வாங்கும் பாகம். என்னுடைய முதல் சப்ளையின் பெட்டியில் பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருந்தது. பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் கட்டத்துக்குக் கீழே 20 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 240 வாட். பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டில்தான். மிச்ச வாட்டெல்லாம் வேறு வரிகளில் எழுதிக் கூட்டிய கணக்கு. 80 பிளஸ் முத்திரை இருக்கிறதே என்பார்கள். அது எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் போகிறது என்பதற்கான சான்று, பாதுகாப்புக்கு உத்தரவாதம் கிடையாது.

ஆனால் என்னை உண்மையில் கவிழ்த்தது நல்ல சப்ளைதான். ஐ5க்காக எச்310 போர்டு வாங்கி, நண்பன் கொடுத்த பழைய மாடுலர் (கேபிள்களைத் தனியாகக் கழற்றி மாட்டும் வகை) சப்ளையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். அதன் ஃபேன் கரகரக்கத் தொடங்கியது. கிராபிக்ஸ் கார்டுக்குச் சேர்த்ததில் கொஞ்சம் எடுத்து, வேறு நிறுவனத்தின் தரமான மாடுலர் சப்ளை ஒன்று வாங்கினேன். ஹார்ட் டிஸ்குக்குப் போகும் பழைய கேபிள் கேபினெட்டின் பின்பக்கம் ஜிப் டையால் அழகாகக் கட்டியிருந்தது. அவிழ்க்கச் சோம்பல். அதன் ஆறு முனைப் பிளக்கைப் புதிய சப்ளையில் வைத்தேன், க்ளிக் என்று உட்கார்ந்தது.

பட்டனை அமுக்கினேன். ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். மறுபடியும் அமுக்கினேன். பிளாஸ்டிக் கருகும் மெல்லிய வாடை வந்தது.

ஹார்ட் டிஸ்க் முனையில் இருக்கும் பிளக் எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றுதான். சப்ளை முனையில் எந்த ஓட்டையில் எத்தனை வோல்ட் வரும் என்பதற்குப் பொது விதி கிடையாது, அது அவரவர் இஷ்டம். என் கேபிளில் 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போயிருக்கிறது. டிஸ்கைத் திருப்பிப் பார்த்தால், பச்சைப் பலகையில் கடுகளவு பாகம் ஒன்று கறுத்து வெடித்திருந்தது. டிஸ்கைக் கழற்றிய பிறகு கணினி ஒன்றும் நடக்காததுபோல் ஆன் ஆனது. உள்ளே என் கேம்கள் மட்டும் என்றால் பரவாயில்லை. அக்கா தன் மகனின் முதல் மூன்று வருட வீடியோக்களை என்னிடம்தான் கொடுத்து வைத்திருந்தாள், வேறு பிரதி இல்லை. டேட்டா மீட்பவரிடம் கொண்டுபோனேன். அதே மாடல் டிஸ்கின் பலகையை வாங்கி மாற்றினால் போதாதாம். ஒவ்வொரு டிஸ்குக்கும் தனியான அளவுகள் ஒரு சிப்பில் இருக்குமாம், அதையும் பெயர்த்துப் புதிய பலகையில் வைக்க வேண்டுமாம். செய்தார். வீடியோக்கள் வந்துவிட்டன. கிராபிக்ஸ் கார்டுக்கு வைத்திருந்த மிச்சப் பணம் அங்கே போய்விட்டது. அடுத்த ஒரு வருடம் பிராசஸருக்குள்ளேயே இருந்த கிராபிக்ஸை வைத்து, 720 என்ற மங்கலான படத்தில் விளையாடினேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அன்றிலிருந்து மாமா வீட்டுப் பிரிண்டர் என் பொறுப்பு. அக்கா எதுவும் திட்டவில்லை. மாமாதான், “டிஸ்க்கை எரிச்சவன்தானே, இதையாவது சரிபண்ணு” என்று சிரித்துக்கொண்டே கூப்பிடுவார். பிரிண்டருக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? கணினியைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவனுக்கு வைஃபையில் காணாமல் போகும் பிரிண்டரைப் பற்றியும் தெரிந்திருக்கும் என்று யார் சொன்னது? போன வாரம் இரண்டு மணி நேரம் நோண்டினேன். பேப்பர் டிரே பாதி திறந்திருந்தது. அவர் வேலைக்கு ஒருநாள் நான் போய் நின்று கணக்கு எழுதிக் கொடு என்று கேட்டால் கொடுப்பாரா?

சரி. ‘கேபிளை மாற்றிப் போட்டது உன் முட்டாள்தனம், அதற்கும் பாகம் தேர்வுக்கும் என்ன சம்பந்தம்’ என்று ஒருவர் வருவார். முட்டாள்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழையதில் பாதி, புதியதில் பாதி என்று சேர்ப்பவர்களுக்கு இதுதான் நடக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் புதிதாக வாங்குபவர்கள் பழைய கேபிளைத் தொடப்போவதே இல்லை. பாகங்களைத் தேர்ந்தெடுத்தால் பொருத்தம் பார்த்துச் சொல்லும் தளங்கள் இருக்கின்றன, பயன்படுத்துங்கள். ஆனால் உங்கள் கேபினெட்டின் பின்னால் எந்த சப்ளையின் கேபிள் கட்டியிருக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது.

வாங்குவதற்கு முன் பட்டியலை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். மதர்போர்டின் பெயரை எம், பிளஸ், டி4 என்று கடைசியில் வரும் எழுத்துகள் வரைக்கும் எழுதுங்கள், ‘பி450 போர்டு’ என்று மட்டும் சொன்னால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. பழைய பவர் சப்ளையை வைத்துக்கொள்வதாக இருந்தால் அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரையும் படம் பிடித்துப் போடுங்கள், 12 வோல்ட் கட்டம் தெரிகிற மாதிரி.